மாணவர் தலையில் விழும் வரி: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கட்டண வரலாறு

கலிபோர்னியாவில் ஒரு வரியை உயர்த்த வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். 80 பேர் கொண்ட கீழவையில் 54 பேர். 40 பேர் கொண்ட மேலவையில் 27 பேர். 1978இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த விதி இது. அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கட்டணத்தை உயர்த்த இத்தனை பாடு கிடையாது. ரீஜெண்ட்ஸ் எனப்படும் 26 பேர் கொண்ட ஆட்சிக்குழு கூடி, சாதாரணப் பெரும்பான்மையில் கை தூக்கினால் போதும். அவர்களில் 18 பேர் ஆளுநர் நியமிப்பவர்கள். பதவிக்காலம் 12 ஆண்டுகள். (அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர்.)

இந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் அங்கே ஏன் ஏறியது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். மாநில வருவாய் சரியும் ஆண்டுகளில் பள்ளத்தை நிரப்பப் பணம் வேண்டும். வரியை உயர்த்தும் கதவு கனமானது. கட்டணத்தை உயர்த்தும் கதவு லேசானது. ஆகவே பணம் லேசான கதவு வழியாக வந்தது. அதைக் கட்டணம் என்று சொல்வது வழக்கம். அதன் வேலையைப் பார்த்தால் அது வரிதான் என்பது என் முடிவு. பொருளாதாரம் மோசமான ஆண்டில், வாக்கு பலம் குறைந்த இளைஞர்களிடம், சட்டமன்றத்துக்கு வெளியே வசூலிக்கப்பட்ட வரி.

1868 மார்ச்சில் ஆளுநர் ஹென்றி ஹெய்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. இப்போதைக்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்தின் வருமானம் இடம்கொடுத்த உடனே மாநிலவாசிகள் அனைவருக்கும் சேர்க்கையும் படிப்பும் இலவசமாக வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. தங்கச் சுரங்கக் காய்ச்சல் அடங்கி இருபது ஆண்டுகூட ஆகாத, ரயில்பாதை இன்னும் முழுதாக இணையாத ஒரு மாநிலம் எழுதிய வாசகம் அது. அந்த வாக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காப்பாற்றப்பட்டது. சில்லறைச் செலவுகளுக்கென்று சிறு தொகைகள் வாங்கினார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு மாணவரிடம் கை நீட்டவில்லை.

1960இல் அந்த வாக்கு ஒரு பெருந்திட்டமாக விரிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று உருவாக்க, ஆளுநர் பாட் பிரவுன் கையெழுத்திட்ட உயர்கல்விப் பெருந்திட்டம் மாநிலத்தின் கல்லூரிகளை மூன்று அடுக்காக வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். இவை பின்னர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆயின. படிக்க விரும்பும் எவருக்கும் சமுதாயக் கல்லூரிகள். அங்கே இரண்டு ஆண்டு படித்துத் தேறினால் மேலடுக்குக்கு மாறலாம். மூன்று அடுக்கிலும் மாநிலவாசிகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்ற கொள்கையைத் திட்டம் மீண்டும் உறுதிசெய்தது. விடுதி, மருத்துவம், விளையாட்டு ஆகியவற்றுக்கு வாங்கலாம். கற்பித்தலுக்கு வாங்கக் கூடாது. அந்த ஆண்டு டைம் இதழ் கெரை அட்டையில் போட்டது.

அடுத்த ஆறேழு ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1964இல் பெர்க்லி மாணவர்கள் பேச்சுரிமை கேட்டுக் கிளர்ந்தார்கள். 1966 தேர்தலில் ரொனால்ட் ரேகன் பெர்க்லியின் அமளியைச் சரிசெய்வேன் என்பதை ஒரு முழக்கமாக வைத்து பாட் பிரவுனைத் தோற்கடித்தார். 1967 ஜனவரியில் பதவியேற்றார்; மூன்று வாரத்துக்குள் ரீஜெண்ட்ஸ் கூட்டத்தில் கெர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். பல்கலைக்கழக நிதியில் பத்து சதவீதம் குறைக்க வேண்டும், மாணவரிடம் படிப்புக் கட்டணம் வாங்க வேண்டும் என்று ரேகன் அரசு முன்மொழிந்தது. அறிவார்வத்துக்கு வரி செலுத்துவோர் மானியம் தர வேண்டியதில்லை என்ற பொருளில் அவர் பேசியதும் அப்போதுதான். படிப்புக் கட்டணம் என்ற யோசனையை ரீஜெண்ட்ஸ் உடனே ஏற்கவில்லை. ஆனால் 1970இல் கல்விக் கட்டணம் என்ற புதுத் தலைப்பு வந்தது: இளநிலை மாணவருக்கு முதலாண்டு 150 டாலர், அடுத்த ஆண்டு 300 டாலர். தொகை சிறிதுதான். ஆனால் ஒரு தலைப்பு திறந்துவிட்டால், பிறகு வருகிறவர்கள் அதில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். படிப்புக் கட்டணம் என்றே அதற்குப் பெயர் சூட்டும் தீர்மானம் 2010 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் மாணவர் கட்ட வேண்டிய மொத்தம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது.

ரேகனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. உண்மையில் கட்டணத்தை ஏற்றிய பொறி 1978 ஜூனில் உருவானது. 13ஆம் எண் முன்மொழிவு என்ற வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஆதரித்து வாக்களித்தார்கள். சொத்து வரி மதிப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீடு 1975-76 நிலவரத்துக்குத் திரும்ப வேண்டும். வீடு கைமாறும்வரை மதிப்பீடு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் விழுந்தது. அதை நம்பியிருந்த பள்ளிகளையும் உள்ளாட்சிகளையும் தாங்கும் சுமை மாநிலக் கருவூலத்தின் மேல் ஏறியது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்றில் இரண்டு பங்கு விதியும் இதே முன்மொழிவின் ஒரு பகுதி. அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பாட் பிரவுனின் மகன்.

பத்து ஆண்டு கழித்து, 1988இல், பள்ளிகளைக் காப்பாற்ற இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. 98ஆம் எண் முன்மொழிவு. மாநிலப் பொது நிதியில் ஏறத்தாழ 40 சதவீதம் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதி செய்யப்பட்டது. நல்ல நோக்கம், பள்ளிகளுக்கு அது தேவையும்கூட. ஆனால் அந்த வேலிக்கு வெளியே இரண்டு பெரிய பல்கலைக்கழக அமைப்புகளும் நின்றன. வேலிக்கு வெளியே நின்ற மற்றவற்றைப் பாருங்கள். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் மாநிலம் ஒரு டாலர் வெட்டினால் மத்திய அரசின் பங்கான ஒரு டாலரும், சில இனங்களில் அதற்கு மேலும், போய்விடும். சிறைகளில் வெட்ட முடியாது. தண்டனைச் சட்டங்களைக் கடுமையாக்கிக்கொண்டே போனதால் 1980இல் 25,000க்கும் குறைவாக இருந்த கைதிகள் எண்ணிக்கை 2006இல் 1,70,000ஐத் தாண்டியது. நெரிசல் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டிவந்தது. கடைசியில் வெட்டுவதற்கு மிச்சமிருந்தது பல்கலைக்கழகம். அதற்கு அரசியல் சட்டப்படி தன்னாட்சி உண்டு. ஆகவே அதற்கான ஒதுக்கீடு பெரும்பாலும் மொத்தத் தொகையாகப் போகிறது. எந்தப் பாடத்தை, எந்தப் பதவியை வெட்டுவது என்று சட்டமன்ற உறுப்பினர் முடிவெடுத்துப் பழி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வரியில் ஒரு எண்ணைத் திருத்தினால் வேலை முடிந்தது.

அமெரிக்க மாநில நிதியை ஆராய்ந்த ஹெரால்ட் ஹோவி 1999இல் இந்தப் போக்கைத் தெளிவாகச் சொன்னார். நல்ல காலத்தில் உயர்கல்விக்கு மற்றத் துறைகளைவிடத் தாராளமாகத் தருகிறார்கள். கெட்ட காலத்தில் மற்றத் துறைகளைவிட அதிகமாக வெட்டுகிறார்கள். மாநில பட்ஜெட்டின் ஆட்டத்தைச் சமன்செய்யும் சக்கரமாக உயர்கல்வி பயன்படுகிறது. அதற்கு மூல காரணம், பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் என்ற வேறு வருமானம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான். சிறைக்கும் தொடக்கப் பள்ளிக்கும் அது கிடையாது.

கலிபோர்னியாவில் இந்தச் சக்கரம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சுற்றுவதற்கு இன்னொரு காரணம், அந்த மாநிலத்தின் வருவாய் அமைப்பு. சொத்து வரி கட்டுண்டுபோனதால் தனிநபர் வருமான வரிதான் பொது நிதியின் முதுகெலும்பு. அதில் பெரும்பங்கு மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடமிருந்து வருகிறது. அவர்கள் வருமானமோ பங்குச் சந்தையோடு ஏறி இறங்குவது. 2000இல் இணைய நிறுவனங்களின் குமிழி வெடித்தபோதும், 2008இல் வீட்டுக்கடன் சந்தை சரிந்தபோதும் மாநில வருவாய் மளமளவென விழுந்தது. 1990களின் தொடக்கத்து மந்தத்தில் நடந்ததும் இதுவே. 1991இல் ஒரே ஆண்டில் பல்கலைக்கழகக் கட்டணம் 40 சதவீதம் ஏறியது. பிறகு நல்ல காலம் வந்தபோது, 1998-99இலும் அடுத்த ஆண்டிலும் ஐந்தைந்து சதவீதம் குறைத்தார்கள். மந்த காலத்தில் ஏற்றியதைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சொல்லும்படியான உதாரணம் அது ஒன்றுதான்.

2001க்குப் பிந்தைய பத்தாண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாநிலவாசியான இளநிலை மாணவர் எல்லா வளாகத்துக்கும் பொதுவாகச் செலுத்த வேண்டிய ஆண்டுக் கட்டணம் 2001-02இல் 3,429 டாலர். 2005-06இல் 6,141. 2008-09இல் 7,126. 2010-11இல் 10,302. 2011-12இல் 12,192. பத்து ஆண்டில் மூன்றரை மடங்கு. விலைவாசி அதே காலத்தில் கால் பங்கு சொச்சம்தான் ஏறியது.

இந்த எண்களை ஒரு மாணவரின் உழைப்பு நேரமாக மாற்றினால் இன்னும் உறைக்கும். 2001இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.25 டாலர். 3,429 டாலர் சம்பாதிக்க ஏறத்தாழ 549 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 14 வாரத்துக்குச் சற்றே குறைவு. கோடை விடுமுறை முழுவதும் ஒரு உணவகத்திலோ கடையிலோ வேலை செய்தால் கட்டணத்தைக் கிட்டத்தட்டக் கட்டிவிடலாம். 2011இல் குறைந்தபட்சக் கூலி 8 டாலர். 12,192 டாலருக்கு 1,524 மணி நேரம், 38 வாரம். கல்வியாண்டின் மொத்த நீளத்தை ஒட்டிய கால அளவு. படித்துக்கொண்டே உழைத்துத் தன் கட்டணத்தைத் தானே கட்டும் மாணவர் என்ற மனிதர், இந்தப் பத்தாண்டுக் கணக்கில், இல்லாமல் போய்விட்டார். வாடகை, சாப்பாடு, புத்தகம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

செலவு கூடியதால்தான் கட்டணம் கூடியது என்று சொல்பவர்கள் உண்டு. நிர்வாகப் பதவிகள் பெருகின, உயரதிகாரிகளின் சம்பளம் வீங்கியது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. 2017இல் மாநிலத் தணிக்கையாளர், பல்கலைக்கழகத் தலைமையகம் 17.5 கோடி டாலரை வெளியே தெரிவிக்காமல் கையிருப்பாக வைத்திருந்தது என்று அறிக்கை வெளியிட்டார். பல்கலைக்கழகம் அந்தக் கணக்கை மறுத்தது. ஓய்வூதியக் கதை இதைவிடப் பெரிது. 1990 முதல் 2010 வரை இருபது ஆண்டுகள், ஓய்வூதிய நிதி நிரம்பி வழிகிறது என்று சொல்லி, பல்கலைக்கழகமும் ஊழியர்களும் அதில் பங்களிப்பதையே நிறுத்திவைத்தார்கள். மாநிலமும் தன் பங்கை நிறுத்தியது. 2008 சரிவுக்குப் பிறகு நிதியில் பள்ளம் தெரிந்தது. பங்களிப்பை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. மாநிலமோ முன்போல் தன் பங்கைத் தர முன்வரவில்லை. அந்தச் சுமையில் ஒரு பகுதி கட்டணப் பணத்தின் மேல் விழுந்தது. முந்தைய தலைமுறையின் சௌகரியத்துக்கு அடுத்த தலைமுறை மாணவர்கள் விலை கொடுத்தார்கள். இவையெல்லாம் உண்மை, ஆனாலும் இவற்றால் ஏற்ற இறக்கத்தின் காலக்கணக்கை விளக்க முடியாது. நிர்வாகச் செலவு ஆண்டுதோறும் மெல்ல ஊர்ந்து ஏறுவது. கட்டணமோ 1990களின் தொடக்கம், 2002-05, 2009-11 என்று மந்த ஆண்டுகளில் தாவியது. மற்ற ஆண்டுகளில் மெல்ல ஏறியது அல்லது அசையாமல் கிடந்தது. அந்தத் தாவலின் தேதிகள் மாநிலக் கருவூலத்தின் தேதிகளோடு பொருந்துகின்றன.

2009ஐச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜூலையில் மாநிலத்தின் பற்றாக்குறை ஏறத்தாழ 2,600 கோடி டாலர். கருவூலம் சில பாக்கிகளுக்குப் பணத்துக்குப் பதில் கடன் பத்திரச் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மே மாதம்தான் வருவாயைச் சமாளிக்கும் முன்மொழிவுகளை வாக்காளர்கள் நிராகரித்திருந்தார்கள். அந்நாளில் பட்ஜெட்டை நிறைவேற்றவே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த விதி 2010 நவம்பரில்தான் தளர்ந்தது. பல்கலைக்கழக ஊழியர்களுக்குச் சம்பள அளவைப் பொறுத்து 4 முதல் 10 சதவீதம்வரை ஊதியமில்லா விடுப்பு அறிவிக்கப்பட்டது. நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ரீஜெண்ட்ஸ் கூடி, இரண்டு தவணையாக 32 சதவீதக் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் தந்தார்கள். முதல் தவணை அந்தக் கல்வியாண்டின் நடுவிலேயே அமலுக்கு வந்தது. அதாவது கட்டணம் இவ்வளவு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட மாணவரிடம், ஆண்டு பாதி முடிந்தபின் இன்னும் 585 டாலர் கொண்டுவா என்றார்கள். வெளியே மாணவர்கள் வழிமறித்தார்கள். மறுநாள் பெர்க்லியில் வீலர் அரங்கின் உள்ளே புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு கலிபோர்னியாவில் வேலையின்மை 12 சதவீதத்தை எட்டியிருந்தது. அந்த மாணவர்களின் பெற்றோரில் பலர் வேலை இழந்தவர்கள், வீட்டைக் கடன்காரரிடம் விட்டவர்கள். எந்த ஆண்டில் ஒரு குடும்பத்தால் கொஞ்சமும் கூடுதலாகக் கொடுக்க முடியாதோ, அந்த ஆண்டைத் தேர்ந்து கேட்டதுதான் இந்தக் கட்டண முறையின் ஆகப்பெரிய கொடுமை.

2011-12இல் மாநிலம் மேலும் 65 கோடி டாலர் வெட்டியது. அந்த ஆண்டுதான் பல்கலைக்கழக வரலாற்றில் முதன்முறையாக மாணவர்கள் செலுத்தும் மொத்தக் கட்டணம் மாநில அரசு தரும் தொகையைவிட அதிகமானது. நவம்பரில் டேவிஸ் வளாகத்தில் தரையில் கைகோத்து அமர்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் வளாகக் காவலர் மிளகுத் தூவானம் அடித்த படம் உலகெங்கும் போனது. அவர்களின் கோரிக்கைகளில் கட்டண உயர்வும் ஒன்று.

கட்டண உயர்வால் ஏழைகள் பாதிக்கப்படவில்லை என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதில் சாரம் உண்டு. கட்டணம் உயரும்போது கூடுதல் வசூலில் மூன்றில் ஒரு பங்கை உதவித்தொகைக்கு ஒதுக்கும் வழக்கம் இந்தப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக உண்டு. மாநிலத்தின் கால் கிராண்ட் உதவி கட்டணத்தை முழுமையாக ஏற்கிறது. குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுதும் உதவியால் அடைபடும் என்ற உறுதிமொழியைப் பல்கலைக்கழகம் 2009-10இல் அறிவித்தது. இன்று கலிபோர்னிய இளநிலை மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கட்டணமே செலுத்துவதில்லை. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குறைந்த வருமானத்தாருக்கான மத்திய அரசின் பெல் உதவி பெறுபவர். பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றால் இந்த விகிதத்தை நினைத்துப் பார்க்க முடியாது. இது பெருமைக்குரியது.

ஆனால் இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வசூலில் மூன்றில் ஒரு பங்கு உதவிக்குப் போனால், மாநிலம் வெட்டிய 100 டாலரை ஈடுகட்ட 150 டாலர் வசூலிக்க வேண்டும். அந்த 150ஐக் கொடுப்பவர் யார்? உதவிக்குத் தகுதி பெறாத, பெரும் பணக்காரரும் அல்லாத நடுத்தரக் குடும்பம். கால் கிராண்ட் பெறுபவருக்கு உயரும் கட்டணத்தை மாநிலமே கட்டுவதால், ஒரு கையால் வெட்டியதில் ஒரு பகுதியை மறு கையால் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. நடுத்தரக் குடும்பங்களின் கோபம் கூடியபோது 2013இல் நடுத்தர வர்க்க உதவித்தொகை என்று இன்னொன்றை உண்டாக்கினார்கள். இப்படி, வாங்காமலே இருந்திருக்கக்கூடிய ஒரு பணத்தை வாங்கித் திருப்பித் தருவதற்கென்று படிவங்களும் அலுவலகங்களும் காலக்கெடுக்களும் பெருகின. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போகிற பிள்ளைக்கு அந்தப் படிவங்களே ஒரு தடை. உதவி கட்டணத்தை அடைத்தாலும் வாடகையை அடைப்பதில்லை. பல்கலைக்கழகமே 2016இல் நடத்திய கணக்கெடுப்பில் இளநிலை மாணவர்களில் 44 சதவீதத்தினர் போதிய உணவுக்கு உத்தரவாதம் இல்லாத நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இலவசக் கல்விக்கு எதிரான வலுவான கல்வித்துறை வாதமும் இதே மாநிலத்தின் புள்ளிவிவரத்தில்தான் பிறந்தது. 1969இல் ஹான்சன், வைஸ்பிராட் என்ற இரு பொருளியலாளர்கள், கலிபோர்னியாவில் பிள்ளைகளை உயர்மட்டப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் குடும்பங்களின் சராசரி வருமானம் மற்றவர்களைவிட அதிகம், மானியமும் அவர்களுக்கே அதிகம் போகிறது, ஆகவே ஏழையின் வரி பணக்காரர் வீட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கிறது என்று காட்டினார்கள். உலகெங்கும் கட்டணத்தை நியாயப்படுத்துவோர் இன்றும் இதைச் சொல்கிறார்கள். மறு ஆண்டே ஜோசப் பெக்மன் அதே புள்ளிவிவரத்தை எடுத்து வேறு விதமாக அடுக்கினார். குடும்பங்களைக் கல்லூரி வகைப்படிப் பிரிக்காமல் வருமானப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் செலுத்தும் வரியையும் பெறும் பயனையும் ஒப்பிட்டார். கீழ்ப்படிகள் கொடுப்பதைவிட அதிகம் பெற்றன. மேற்படிகள் பெறுவதைவிட அதிகம் கொடுத்தன. பெக்மன் அடுக்கிய விதமே சரியென்று நினைக்கிறேன். வரி நியாயமாக இருந்தால் இலவசக் கல்வியும் நியாயமாகவே இருக்கும்; பணக்காரர் பிள்ளைக்குப் போகும் மானியத்தை அவர் அப்பாவிடம் வருமான வரியாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையிடம் கட்டணமாக வாங்குவது ஒரே வழி அல்ல.

மாநிலப் பணம் குறைந்தபோது வேறு ஊற்றுகளைத் தேடியதும் இயல்பே. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்துபவர்கள். 2022-23இல் அவர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 44,000 டாலர். இந்தியாவிலிருந்து போகும் பிள்ளைகளும் இதில் அடக்கம். 2008 சரிவுக்கு முன் இளநிலையில் 5 சதவீத அளவில் இருந்த இவர்களின் பங்கு பத்தாண்டுக்குள் 16 சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் பிள்ளைகளின் இடம் விலைபோகிறது என்று கலிபோர்னியப் பெற்றோர் கொதித்தார்கள். 2016இல் மாநிலத் தணிக்கை அறிக்கையும் அதையே சொன்னது. 2017இல் 18 சதவீத உச்சவரம்பு வந்தது. ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்ட வளாகங்கள் இருந்த அளவில் நிறுத்தப்பட்டன. 2021இல் மாநிலம் அந்த வெளிமாநில இடங்களைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடிவுசெய்தது: மூன்று வளாகங்களில் ஆண்டுக்கு 902 இடங்கள், ஈட்டுத்தொகை மாநிலக் கருவூலத்திலிருந்து. தொழில்முறை முதுநிலைப் படிப்புகள் பலவற்றை நம் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளைப் போலத் தனிக்கணக்கில், முழுச் செலவையும் மாணவரிடமே வாங்கி நடத்துகிறார்கள். நன்கொடையும் ஒரு ஊற்று. ஜார்ஜ் ஹார்ட் பணியாற்றிய பெர்க்லியின் தமிழ் இருக்கை 1990களில் அங்குள்ள தமிழர்கள் திரட்டிய நிதியில் அமைந்தது. தமிழுக்கு அது பெரும் பேறு. ஆனால் பணம் திரட்ட வசதியான புலம்பெயர் சமூகம் இல்லாத ஒரு சிறு மொழிக்கு, ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுகிறது.

சாண்டா பார்பரா வளாகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் நியூஃபீல்ட் இந்தத் தேடலின் விளைவைப் பல நூல்களில் எழுதியிருக்கிறார். வெளியே பணம் திரட்டத் தெரியும் என்று பல்கலைக்கழகம் காட்டக் காட்ட, அதற்கு மாநிலப் பணம் தேவையில்லை என்ற எண்ணம் சட்டமன்றத்தில் வலுப்படுகிறது. அடுத்த வெட்டு இன்னும் சுலபமாகிறது என்பது அவர் வாதம். எனக்கு இது முழுக்கச் சரியாகவே தோன்றுகிறது. 1960களின் இறுதியில் பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்று ஏறத்தாழ மூன்று லட்சம். மாநிலத்தின் மொத்தத் தொகை டாலர் கணக்கில் கூடியிருக்கலாம். தலைக்கு எவ்வளவு என்று விலைவாசியையும் கழித்துப் பார்த்தால், 1990-91இல் ஒரு மாணவரின் கல்விச் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தந்த மாநிலம் இன்று பாதிக்கும் குறைவாகவே தருகிறது.

பழைய நிலைக்குத் திரும்ப முடியாதா? 2017இல் ஸ்டாண்டன் கிளான்ட்ஸ் உள்ளிட்ட சில பேராசிரியர்கள் ஒரு கணக்கைப் போட்டார்கள். மூன்று அடுக்கிலும் படிப்புக் கட்டணத்தை ஒழித்து, தலைக்கான நிதியை 2000ஆம் ஆண்டு அளவுக்கு உயர்த்த, அந்தச் செலவை வருமான வரியில் ஏற்றினால், நடு வருமானக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 48 டாலர் கூடும் என்றது அவர்கள் அறிக்கை. கணக்கில் உள்ள அனுமானங்களைக் கேள்வி கேட்கலாம். மேல்தட்டினரின் வருமானம் ஒரே சீராக இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் அது நிற்கும். ஆனாலும், இது அரசியல் தேர்வே ஒழிய இயற்கைச் சீற்றம் அல்ல என்பதை அந்த எண் காட்டிவிட்டது.

அதற்கு முன்பே வாக்காளர்களும் ஒரு முறை காட்டினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து மீண்டும் ஆளுநரான ஜெர்ரி பிரவுன், 2012 நவம்பரில் 30ஆம் எண் முன்மொழிவை மக்கள்முன் வைத்தார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்போரின் வருமான வரியை ஏழு ஆண்டுகளுக்கும், விற்பனை வரியைக் கால் சதவீதம் நான்கு ஆண்டுகளுக்கும் உயர்த்தும் திட்டம். தோற்றால் பல்கலைக்கழகத்துக்கு மேலும் 25 கோடி டாலர் வெட்டு விழும் என்பது முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதப்பட்டிருந்தது. வளாகங்களில் மாணவர்கள் மேசை போட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். 55 சதவீத ஆதரவோடு வென்றது. சட்டமன்றத்தின் கனமான கதவை மக்கள் வாக்கெடுப்பால் சுற்றிக்கொண்டு போனார்கள். விளைவு உடனே தெரிந்தது: 2011-12இல் இருந்த படிப்புக் கட்டணம் 2017 வரை உயரவில்லை. 2014இல் ஆண்டுக்கு ஐந்து சதவீதம்வரை உயர்த்துவோம் என்று பல்கலைக்கழகத் தலைவர் ஜேனட் நபோலிடானோ அறிவித்தபோதும், பிரவுனோடு நடந்த இழுபறியில் மாநிலம் ஆண்டுக்கு நான்கு சதவீதம் கூட்டித்தர ஒப்புக்கொண்டதும் உயர்வு கைவிடப்பட்டது. இந்தத் தேக்கத்தின் பலன் கூலிக் கணக்கிலும் தெரிகிறது. 2022-23இல் புதிதாகச் சேர்ந்த மாணவருக்குக் கட்டணம் 13,104 டாலர். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்று வைத்தால் 874 மணி நேரம், ஏறத்தாழ 22 வாரம். 38 வாரத்திலிருந்து இறங்கியிருக்கிறது. 14 வாரத்துக்குத் திரும்பவில்லை.

அந்த 13,104 ஒரு புது முறையின் முதல் எண். 2021இல் ரீஜெண்ட்ஸ் நிறைவேற்றிய திட்டப்படி, ஒரு மாணவர் சேரும் ஆண்டில் எவ்வளவோ அதுவே அவருக்கு ஆறு ஆண்டுவரை நிலையான கட்டணம். அடுத்த ஆண்டு சேர்பவருக்கு விலைவாசியை ஒட்டி, ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல் கூடும். ஆண்டு நடுவில் கட்டணம் ஏற்றிய 2009இன் அநியாயம் இதில் நேராது. அந்த அளவில் இதை வரவேற்கிறேன். ஆனால் முன்பு ஒவ்வொரு உயர்வுக்கும் ரீஜெண்ட்ஸ் பொதுவில் கூட வேண்டும், மாணவர்கள் வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள், சட்டமன்றம் சங்கடப்படும், சில நேரம் பணமும் தரும். இப்போது உயர்வு கணக்கு வாய்ப்பாட்டில் தானாக நடக்கிறது. 2022இல் ஆளுநர் கேவின் நியூசம் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஐந்து சதவீதம் கூட்டித்தருவதாக உடன்பட்டார். 2024-25இல் பற்றாக்குறை வந்ததும் அடிப்படை நிதியில் வெட்டு விழுந்தது. 2025-26இல் உறுதியளித்த தொகை பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மாணவர் பக்கத்து உயர்வு மட்டும் எந்த ஆண்டும் தள்ளிப்போகவில்லை.

2012இல் மக்கள் விதித்த மேல்தட்டு வருமான வரியை 2016இல் இன்னொரு வாக்கெடுப்பு நீட்டித்தது. அது 2030 இறுதியில் முடிகிறது. அதைத் தொடர வேண்டுமானால் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அல்லது மறுபடி மக்களிடம் போக வேண்டும். பல்கலைக்கழக மாணவர் சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் அதற்குக் குரல் கொடுக்க வேண்டிய காலம், அடுத்த மந்தம் வந்து பட்ஜெட் விழுந்த பிறகல்ல. வருவாய் ஓரளவு வந்துகொண்டிருக்கும், 2030க்கு முந்தைய இந்த ஆண்டுகளில்தான்.